இன்றைக்கு ஆறு மாதம்

1864 ஏப்ரல் 27, புதன். லண்டன்

மழை. இதை மழை என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. எங்கள் ஊர் வெள்ளேந்தலில் மழையென்றால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். இங்கே நாள் முழுக்க யாரோ தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் சோறு வடித்தேன். பருப்பு வேகவில்லை. அதற்குள் வீட்டுக்காரி மிஸஸ் பிராட் அடுப்பு வேண்டுமென்று வந்து நின்றுவிட்டாள். நான் அவளைப் பிராட்டி என்றுதான் கூப்பிடுகிறேன். மரியாதைக்கும் குறைவில்லை, அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

ஊருக்குத் திரும்பியதும், "லண்டன்ல அப்படி என்னத்தத்தான் கிழிச்சீரு?" என்று நரம்பில்லாத நாக்குகள் கேட்கும். அதற்காகவே இந்தக் குறிப்பு. விஷயம் இதுதான். ரயில் கம்பெனிக்காரன் எங்கள் ஊருக்குக் கிழக்கே, தெற்கு வடக்காக, பனை உயரத்துக்கு மண்கரை போட்டிருக்கிறான். மேற்கேயிருந்து வரும் மழைத்தண்ணீர் ஊரைக் கடந்து கிழக்கேதான் வடிய வேண்டும். கரையில் பேருக்கு ஒரு மதகுகூட வைக்கவில்லை. போன ஐப்பசியில் கரை அரைகுறையாக இருந்தபோதே பள்ளத்தெருவில் முழங்கால் தண்ணீர். இப்போது கரை முடிந்துவிட்டது. மதராஸில் மனுப் போட்டோம். "பிளான் லண்டனில் போட்டது, லண்டனில்தான் மாற்ற வேண்டும்" என்று கையை விரித்தார்கள். லண்டன் என்ன சந்திரனிலா இருக்கிறது என்று நான்தான் வாயைவிட்டேன். ஜில்லா கோர்ட்டில் பதினெட்டு வருஷம் இங்கிலீஷைத் தமிழாகவும் தமிழை இங்கிலீஷாகவும் மாற்றிச் சொன்ன வாய் ஆயிற்றே, சும்மா இருக்குமா? ஊர் கூடிக் கப்பலேற்றிவிட்டது.

வந்த வேலை மோசமில்லை. ஆப்பிள்யார்டு என்று ஒரு பார்லிமெண்டு மெம்பர், காது மந்தம், நல்ல மனிதர். கம்பெனி இரண்டு மதகு கட்டியே தீரவேண்டுமென்று ஒரு சின்ன மசோதா எழுதிக் கொடுத்திருக்கிறார். மே 11ஆம் தேதி அது விவாதத்துக்கு வருகிறது.

நேற்றைய தபாலில் என் மைத்துனன் நல்லதம்பியின் கடிதம். மகள் அகிலாண்டம் முழுகாமல் இருக்கிறாளாம். கார்த்திகையில் பிரசவம். அவளை நல்லதம்பியின் மகனுக்கே கொடுத்திருக்கிறேன். வீடு அதே பள்ளத்தெருவில். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மதகு வராவிட்டால், கார்த்திகை மழையில், அந்த வீட்டில் பிள்ளை பெற வேண்டும் என் பெண்.

மே 3, செவ்வாய்

மாடியில் ஒரு தமிழர் குடியிருக்கிறார்! மீராசா மரைக்காயர், நாகூர்க்காரர். கப்பலில் செராங்காக, மாலுமிகளுக்குத் தலைவராக, இருந்து, இப்போது துறைமுகத்தில் வேலை. தாளிக்கிற வாசனையை மோப்பம் பிடித்து இறங்கி வந்தார். "கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டிச்சு மொதலியாரே, கண்ணுல தண்ணி வந்திருச்சு" என்றார். ரசம் கொடுத்தேன். மூன்று டம்ளர் குடித்தார்.

மே 11, புதன்

ஜெயம்! இதைக் கொட்டை எழுத்தில் எழுதவேண்டும். நிதானமாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்குச் சபை. பார்வையாளர் மாடத்தில் எனக்கு இடம். தலைப்பாகையை எடுக்கச் சொல்வார்களோ என்று பயந்தேன், சொல்லவில்லை. கீழே மெம்பர்கள்தான் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் அதைக் கண்ணுக்கு மேலே இழுத்துவிட்டுத் தூங்குகிறார்கள். நம் கோர்ட்டில் ஜட்ஜு மட்டும் தூங்குவார், இங்கே எல்லாருக்கும் அந்த உரிமை உண்டு. ஓட்டுப் போடக் கை தூக்குவதில்லை, எழுந்து வெளியே நடந்து போய் எண்ணப்படுகிறார்கள். கால்நடையாக ஓட்டுப் போடும் ஜனங்கள்!

முதலில் ஆற்றுமீன் பிடிப்பதைப் பற்றி ஒரு மசோதா. மீனுக்கு ஒன்றரை மணி நேரம். பிறகு ஒரு கல்லறைத் தோட்டத்துச் சுவர். அப்புறம் நாங்கள். ஆப்பிள்யார்டு துரை எழுந்து கால் மணி நேரம் பேசினார். வெள்ளேந்தலை 'வெலாண்டல்' என்றார். போகட்டும், பேரைச் சொன்னாரே. மகாசபையில் எங்கள் பள்ளத்தெருவைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று நினைத்ததும் தலைப்பாகையை ஒரு தரம் சரிசெய்துகொண்டேன்.

அப்புறம் கிருதா வைத்த ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேசி ஒரு திருத்தம் கொடுத்தார். சபாநாயகர் அதை வாசித்தார். நான் மனசுக்குள் அப்படியே தமிழாக்கினேன்: "மசோதா இப்போது இரண்டாம் தரம் வாசிக்கப்படுக என்பதில், 'இப்போது' என்ற சொல்லை நீக்கி, 'இன்றைக்கு ஆறு மாதம்' என்று சேர்த்துக்கொள்க." பதினெட்டு வருஷத் தொழில், ஒரு சொல் பிசகவில்லை. எல்லாரும் 'ஆம்' என்றார்கள். எதிர்த்து ஒரு குரல் இல்லை, அதனால் எழுந்து நடக்கவும் வேண்டியிருக்கவில்லை.

வாய்தா! ஆறு மாத வாய்தா. தள்ளுபடி என்று ஒரு வாய் சொல்லவில்லை. நம் கோர்ட்டில் நிலத் தகராறுக்கு ஒன்பது வருஷம் வாய்தா வாங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளே தள்ளுபடி ஆகாமல் தேதி போட்ட வழக்கு பாதி ஜெயித்த வழக்கு.

வெளியே ஆப்பிள்யார்டு துரை என் கையைப் பிடித்துக்கொண்டார். "வருந்துகிறேன். இது இங்கே வழக்கந்தான். இருக்கிற வழிகளில் இதுதான் மரியாதையான வழி" என்றார். உடனே தீர்ப்பு வாங்கித் தர முடியவில்லையே என்று அவருக்கு வருத்தம். பெரிய மனுஷன். "அப்படியானால் இன்றைக்கு ஆறு மாதத்தில் பார்ப்போம் துரையவர்களே" என்று காதருகே போய்ச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண் கலங்கின மாதிரி இருந்தது. "அப்படியே, அப்படியே" என்று தோளைத் தட்டிவிட்டு வண்டியேறினார்.

நவம்பர் 11, ஐப்பசி 28. அடைமழைக்காலம். அன்றைக்கு உத்தரவானாலும் தபால் ஊர் போய்ச் சேர மார்கழியாகும். அதையும் யோசித்தேன். ஆனால் தேதி விழுந்துவிட்டால் பிரதிவாதி சும்மா இருப்பானா? தீர்ப்புக்கு முன்னாலேயே பயந்து பாதி வேலையை முடித்துவிடுவான். எத்தனை கேஸில் பார்த்திருக்கிறேன்!

மே 12, வியாழன்

ஊருக்கு விவரமாக எழுதிப் போட்டேன். மீராசாவுக்குச் சர்க்கரைப் பொங்கல். நெய்தான் இங்கே நெய்யாக இல்லை.

ஜூன் 14, செவ்வாய்

நான் சொன்னேனா இல்லையா! கம்பெனி ஆள் என் வாசலுக்கே வந்துவிட்டான். குரோம்வே என்று பெயர், காரியதரிசியின் உதவியாள், மெலிந்த மனிதன். பிராட்டி தேநீர் கொடுத்தாள். டைரக்டர்கள் இரக்கப்பட்டு ஒரு மதகு, சின்ன மதகு, வைத்துத் தர யோசிக்கிறார்களாம். நான் வியாழக்கிழமை கூட்டத்துக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் உத்தரவு உடனே தபாலில் போகுமாம், மழைக்கு முன்னால் கட்டிவிடுவார்களாம்.

"மசோதா நிலுவையில் இருக்கிறது. நவம்பர் 11ஆம் தேதி பார்லிமெண்டு சொல்லட்டும். இரண்டு மதகு, பெரிய மதகு" என்றேன்.

அவன் விழித்தான். "நவம்பரிலா?" என்றான்.

"தேதி போட்டாயிற்று ஐயா. நீங்கள் அறியாததா?" என்றேன்.

என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தேநீரைக் குடித்துவிட்டு, "உங்கள் இஷ்டம்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டான். பயந்த முகம் அது. முகம் பார்த்துச் சாட்சி எடை போட்ட கண் எனக்கு.

மீராசா சொன்னதைக் கேட்டு மட்டும் கோபம் வந்தது. "கெடச்சத வாங்கிப் போட்டுக்கிட்டு மிச்சத்துக்கு அப்பறமா சண்ட போடலாமே மொதலியாரே? புள்ளத்தாச்சி பொண்ணு இருக்குற ஊரு."

"கேஸ் நடக்கும்போது எதிராளி வீட்டுப் படியேறினால் கேஸ் செத்துப்போகும். கடல் உமக்குத் தெரியும், கோர்ட்டு எனக்குத் தெரியும்" என்றேன். கொஞ்சம் உறைப்பாகவே சொல்லிவிட்டேன். அவர் ரசத்தைப் பாதியில் வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

ஜூன் 16, வியாழன்

கூட்டம் இன்றைக்கு. நான் போகவில்லை. சட்டை துவைத்தேன்.

ஜூலை 29, வெள்ளி

பார்லிமெண்டைச் சாத்திவிட்டார்களாம். கோர்ட்டுக்கும் கோடை விடுமுறை உண்டு.

ஆகஸ்டு 9, செவ்வாய்

நல்லதம்பியின் கடிதம். மனசு சரியில்லை.

கரைமேல் இன்னும் ஒரு கூடை மண்கூட அசையவில்லையாம். ஊர் இளவட்டங்கள் ஆலமரத்தடியில் கூடி, ஐப்பசி பிறப்பதற்குள் பள்ளத்தெருவுக்கு நேரே கரையைத் தாங்களே வெட்டிவிடுவதென்று பேசியிருக்கிறார்கள். தண்டவாளம் இன்னும் அந்தப் பக்கம் பதிக்கவில்லை, வெறும் மண்தான், ஒரு நாள் வேலை. "மாமா ஒரு வார்த்தை சொன்னால் வெட்டுகிறோம், வேண்டாமென்றால் விடுகிறோம் என்கிறார்கள். என் புத்திக்கு வெட்டுவது சரியென்று படுகிறது. ஆனால் சட்டம் தெரிந்தவர் நீங்கள்" என்று எழுதியிருக்கிறான்.

மடப்பயல்கள்! ஜெயிக்கிற கேஸைக் கெடுக்க மண்வெட்டியைத் தூக்குகிறார்கள். உடனே பதில் எழுதினேன். விவகாரம் மகாசபையின் முன் நிலுவையில் இருக்கிறது, தேதி போட்டாயிற்று, இந்த நேரத்தில் கரையில் ஒரு பிடி மண்ணை எடுத்தாலும் அது அவமதிப்பு, வழக்கும் போகும், தொட்டவன் ஜெயிலுக்கும் போவான், பிள்ளையார் கோயில் வாசலில் இதை எல்லாரும் கேட்கப் படித்துக்காட்டு என்று எழுதினேன். தண்ணீர் ஏறினால் அகிலாண்டத்தை மேட்டுத்தெருவுக்குக் கூட்டிப் போகச் சொல்லியும் ஒரு வரி சேர்த்தேன்.

நானே போய்த் தபாலில் சேர்த்தேன். திரும்பி வரும்போது கால் வலித்தது.

செப்டம்பர் 20, செவ்வாய்

பிராட்டி துணி உலர்த்திக்கொண்டே, "நவம்பர் வரைக்கும் இங்கேதானே இருப்பீர்கள்? குளிருக்குக் கரி அதிகம் ஆகும்" என்றாள். 11ஆம் தேதி பார்லிமெண்டில் என் வேலை முடிந்ததும் கப்பலேறிவிடுவேன் என்றேன்.

"நவம்பரில் பார்லிமெண்டு ஏது? பிப்ரவரியில்தானே திறப்பார்கள்? என் தங்கை புருஷன் அங்கே விளக்கு ஏற்றுகிறவன், அதுவரைக்கும் அவனுக்கு வேறு வேலை" என்றாள்.

எங்கள் விஷயத்துக்குத் தனியாகத் தேதி குறித்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். வாயில் துணிக் கவ்வியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். விளக்கு ஏற்றுகிறவனுக்குச் சபை நடவடிக்கை என்ன தெரியும்? ஆனாலும் ஆப்பிள்யார்டு துரைக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன், சும்மா ஒரு நினைவூட்டல்.

அக்டோபர் 3, திங்கள்

துரை ஸ்காட்லாந்தில் பறவை சுடப் போயிருக்கிறார் என்று அவர் வீட்டு ஆள் பதில் எழுதியிருக்கிறான். கிறிஸ்துமஸுக்குத் திரும்புவாராம். கிறிஸ்துமஸா? எழுத்துப் பிழையாக இருக்கும்.

அக்டோபர் 15, சனி

ஐப்பசி ஒன்று. விளக்கேற்றினேன். ஊரில் இன்றைக்குக் கிழக்கே கருத்திருக்கும். அகிலாண்டத்துக்கு எட்டாம் மாசம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 10, வியாழன்

தலைப்பாகையைக் கஞ்சி போட்டு மடித்தேன். மீராசா, "நாளக்கி நானும் வர்றேன்" என்றார். அந்த ரசக் கோபம் எப்போதோ போய்விட்டது அவருக்கு. வேண்டாமென்றேன். உள்ளே ஒருவருக்குத்தான் சீட்டு கிடைக்கும்.

நவம்பர் 11, வெள்ளி

மூடியிருந்தது.

நவம்பர் 12, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

பத்து மணிக்கே போய்விட்டேன். பனி, எதிரே வருகிறவன் மூக்குத் தெரியவில்லை. வாசலில் போலீஸ்காரன் ஒருவன். "சபைக்கு வந்திருக்கிறேன்" என்றேன். "எந்தச் சபை?" என்றான். சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டான். உள்ளே தச்சர்கள் சுத்தியல் அடிக்கும் சத்தம் வந்தது. நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, கடைசியில் உள்ளேயிருந்து ஒரு வயதான குமாஸ்தாவை அழைத்து வந்தான். அவர் என்னை ஓர் அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலி போட்டார். இந்த ஊரில் எல்லாரும் நாற்காலி போடுகிறார்கள்.

மே 11, இன்னின்ன மசோதா, இன்றைக்கு ஆறு மாதம் என்று தேதி போட்டிருக்கிறது என்றேன். அவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

"ஐயா, அது தேதி இல்லை. சபையில் ஒரு சொல்வழக்கு" என்றார்.

"ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தானே?"

"ஆறு மாதம் கழித்துச் சபை கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். கூடாத நாளில் வாசிக்கலாம் என்று சொன்னால், வாசிக்கவே போவதில்லை என்று அர்த்தம். 'இப்போது' என்ற சொல்லை எடுத்தவுடனேயே மசோதா செத்துவிட்டது. முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொல்வதைவிட இது மரியாதை என்று வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

யார் சொல்லவேண்டும்? மொழிபெயர்ப்பாளன் நானல்லவா? கேட்கிறவனுக்கு அர்த்தம் சொல்வதுதானே என் பிழைப்பு?

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை. தெருவில் நடந்தபோது குரோம்வேயின் முகம்தான் வந்து வந்து நின்றது. அது பயமில்லை. இப்போது தெரிகிறது, அது பரிதாபம். சொல்ல வாயெடுத்தான். நான்தான் 'நீங்கள் அறியாததா' என்று அடைத்துவிட்டேன்.

அங்கிருந்து நேரே கம்பெனி ஆபீஸுக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன், தலைப்பாகை அவிழ்ந்தது. குரோம்வே இருந்தான். ஒரு மதகு போதும், சின்னதே போதும், எந்தக் கூட்டத்துக்கு வேண்டுமானாலும் வந்து கையைக் கட்டி நிற்கிறேன் என்றேன். டைரக்டர்கள் இனி டிசம்பரில்தான் கூடுவார்களாம். "இப்போது உத்தரவு போட்டாலும் அங்கே மழை முடிந்துதானே போய்ச் சேரும், ஐயா" என்றான். அவனும் நாற்காலி போட்டான்.

வீட்டுக்கு வந்து நல்லதம்பிக்கு எழுதினேன். நாலைந்து வரி எழுதிக் கிழித்தேன். கடைசியில் 'கரையை உடனே வெட்டுங்கள், நான் சொல்கிறேன், வெட்டுங்கள்' என்று மட்டும் எழுதினேன்.

நவம்பர் 14, திங்கள்

மீராசா கடிதத்தை எடுத்துக்கொண்டு துறைமுகம் முழுக்க அலைந்தார். தபால் கப்பலைவிட வேகமாகப் போகும் கப்பல் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். இல்லை. ஊர்வரைக்கும் தந்திக் கம்பியும் இன்னும் போய்ச் சேரவில்லையாம். "காத்துக்கும் கடலுக்கும் யாரு மொதலியாரே உத்தரவு போடுறது? நாகூர் தர்கா எசமானு பாத்துக்குவாஹ" என்றார். கடிதத்தைத் தபாலில்தான் சேர்த்தோம். மார்கழியில் போய்ச் சேரும். மார்கழியில் எங்கள் ஊரில் பனிதான் பெய்யும்.

இராத்திரி பகல் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. தையல்நாயகியை, என் மனைவியை, நினைத்துக்கொள்ளவே பயமாக இருக்கிறது. பெண்ணோடுதான் இருப்பாள்.

நவம்பர் 18, வெள்ளி

சோறு வடித்தேன். கொட்டினேன்.

நவம்பர் 22, செவ்வாய்

நல்லதம்பியின் கடிதம். ஐப்பசி மூன்றாம் தேதி எழுதியது. பிராட்டி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். பிரித்தேன். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன், வேறெதுவும் எழுத எனக்குத் திராணியில்லை.

"அத்தானுக்கு நமஸ்காரம். இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் உத்தரவைப் பிள்ளையார் கோயில் வாசலில் இரண்டு தரம் படித்தேன். பையன்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் ஒருத்தனும் மீறவில்லை. மண்வெட்டிகளை வாங்கி நம் வீட்டுப் பரணில் போட்டுவிட்டேன். ஒன்றாம் தேதியிலிருந்து விடாமல் பெய்கிறது. தண்ணீர் கரையில் முட்டி நிற்கிறது, நேற்றைக்கு அகிலாண்டம் வீட்டு முதல் படி வரைக்கும் வந்துவிட்டது. மேட்டுத்தெருவுக்கு வா என்று அக்காவும் நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். 'எங்கப்பா தேதி வாங்கி வெச்சிருக்காரு, கரை தன்னால தொறக்கும், நான் எதுக்கு எடம் மாறணும்' என்று அசையமாட்டேன் என்கிறாள். அவளுக்கு உங்கள் பேரில் அவ்வளவு பெருமை. நவம்பர் பதினொன்றைத்தான் எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதுவரைக்கும் ஒருத்தனையும் கரைமேல் கால் வைக்க விடமாட்டேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

மாடியிலிருந்து மீராசா இறங்கி வந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "ஊர்க் கடுதாசியா மொதலியாரே? எல்லாரும் சொகமா இருக்காஹளா?" என்று கேட்டார்.

"இருக்கிறார்கள்" என்றேன். எழுதின அன்றைக்கு இருந்திருக்கிறார்கள்.